ஆறு முறை அழைத்து வெறுங்கையோடு அனுப்பினீர்கள்: ஆஸ்கர் ஆளுநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் திரைக்கலை, அறிவியல் அகாடமியின் ஆளுநர் குழுவினருக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தெல்மா ரிட்டர் என்ற நடிகைக்கு நீங்கள் ஒரு கௌரவ ஆஸ்கர் தர வேண்டும். அவர் 1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்துபோனார் என்பது எனக்குத் தெரியும். இறந்தவர்களுக்கு அந்த விருதை நீங்கள் அநேகமாகத் தருவதில்லை என்பதும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

1950 முதல் 1962 வரை வெளிவந்த படங்களுக்காகச் சிறந்த துணை நடிகை பிரிவில் அவரை ஆறு முறை பரிந்துரைத்தீர்கள். முதல் நான்கும் அடுத்தடுத்த நான்கு ஆண்டுகளில். அந்தப் பிரிவில் அவரைவிட அதிக முறை பரிந்துரைக்கப்பட்ட நடிகை இன்றுவரை கிடையாது. ஆறு முறையும் உறையைப் பிரித்து வேறு பெயரைத்தான் வாசித்தார்கள். நான் புதிதாக யாரையும் கண்டுபிடித்து உங்களிடம் கொண்டுவரவில்லை. நீங்களே ஆறு தடவை பார்த்து, நல்ல நடிகை என்று எழுதிவைத்த கணக்கு இது. பாக்கி மட்டும் தீரவில்லை.

இந்த மடலை உங்களோடு சேர்ந்து படிக்கப்போகும் தமிழ் வாசகர்களில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. முகம் தெரிந்திருக்கலாம். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) பார்த்தவர்கள், கால் ஒடிந்து சக்கர நாற்காலியில் கிடக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு முதுகு பிடித்துவிட வரும் நர்ஸ் அம்மாவை மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டெல்லா. அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது தப்பு என்று முதல் காட்சியிலேயே அவனை வறுத்தெடுப்பார். அப்புறம் எல்லோரையும்விட அதிக ஆர்வமாக எட்டிப் பார்ப்பதும் அவர்தான். ஸ்டூவர்ட் காலைச் சாப்பாட்டில் கை வைக்கும் நேரம் பார்த்து, எதிர்வீட்டுக்காரன் பெண்டாட்டியை எங்கே வைத்து வெட்டியிருப்பான், குளியல் தொட்டியாகத்தான் இருக்கும், கழுவிவிட அதுதானே வசதி என்று சாவகாசமாகப் பேசுவார். மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை சொல்கிற தொனி. ஸ்டூவர்ட்டின் முள்கரண்டி பாதியில் நிற்கும். அந்தச் சிரிப்புக்கு வசனத்தைவிட அந்தத் தொனிதான் காரணம்.

அந்தப் படத்துக்கு அவரை நீங்கள் பரிந்துரைக்கவே இல்லை. ஆறில் அது சேராது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டுப் படங்களுக்கான விழாவை, 1955 மார்ச்சில், ஹாலிவுட்டிலிருந்து பாப் ஹோப் நடத்த, நியூயார்க் பக்கத்து மேடையைப் பார்த்துக்கொண்டவர் இதே தெல்மா ரிட்டர். சிலையைத் தரவில்லை, மைக்கைத் தந்தீர்கள்.

அவர் கதை சினிமாக்காரர்களின் வழக்கமான கதை இல்லை. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அமெரிக்க நாடகக் கலை அகாடமியில் முறையாகப் படித்தார். நாடக மேடையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1927-ல் ஜோசப் மோரன் என்ற நடிகரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் பிறகு நடிப்பை விட்டு விளம்பரத் துறைக்குப் போய்விட்டார். இரண்டு குழந்தைகள். பிள்ளை வளர்ப்புக்காக ஒதுங்கியிருந்து, திரும்பி வந்தபோது வானொலி நாடகங்களில் குரல் கொடுத்தார். சினிமாவில் முதன்முதலாக முகம் காட்டியபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். இப்போது நாம் பேசுகிற அத்தனை படமும் அதற்குப் பிறகு வந்தவை.

அந்த முதல் படம் 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' (1947). இயக்குநர் ஜார்ஜ் சீட்டன் அவருக்குத் தெரிந்தவர். மேசிஸ் கடையில் கிறிஸ்துமஸ் கூட்டம். மகன் கேட்ட தீயணைப்பு வண்டி பொம்மையைத் தேடித் தேடிக் கால் ஓய்ந்துபோன தாய். கடையின் கிறிஸ்துமஸ் தாத்தாவோ, அது இங்கே கிடைக்காது, வேறொரு கடையில் இருக்கிறது, போய் வாங்கிக்கொள் என்கிறார். அந்த அம்மா அதை நம்ப முடியாமல், நம்பி, அப்புறம் மேலாளரிடம் போய் இனிமேல் இந்தக் கடைக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் வேடம். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. அவருக்கு எதிரே தாத்தாவாக உட்கார்ந்திருந்த எட்மண்ட் குவென்னுக்கு அந்த வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் கொடுத்தீர்கள். அது நியாயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஃபாக்ஸ் ஸ்டுடியோவை நடத்திய டாரில் சானக்கின் கண்ணில் அந்தத் தாயும் பட்டுவிட்டார். ஒப்பந்தம் வந்தது. 'எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்' (1949) படத்தில் மறுபடியும் பெயர் போடாத வேலைக்காரி வேடம். அதே இயக்குநர் ஜோசப் மேன்கீவிச் அடுத்த ஆண்டே 'ஆல் அபவுட் ஈவ்' எடுத்தார்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 'ஆல் அபவுட் ஈவ்' பதினான்கு பரிந்துரைகள் வாங்கிய படம். பெரிய நடிகை மார்கோவாக பெட்டி டேவிஸ். ஒண்ட வந்து இடத்தைப் பிடிக்கும் ஈவாக ஆன் பேக்ஸ்டர். மார்கோவின் ஒப்பனை அறையில் உடை மாற்றிவிடும் பேர்டியாக ரிட்டர். ஈவ் தன் சோகக் கதையை உருக்கமாகச் சொல்லி முடிக்கிறாள். அறையில் எல்லோர் கண்ணும் கலங்கியிருக்கிறது. பேர்டியும் உருகித்தான் போகிறாள், ஆனால் வாயைத் திறந்தால் வருவது ஒரு நக்கல்: வேட்டை நாய்கள் துரத்தியது ஒன்றுதான் இந்தக் கதையில் பாக்கி. பழைய மேடை நாடகக்காரிக்கு இன்னொரு நடிப்பு தெரியாமல் போகுமா? மார்கோ அதட்டியதும் சட்டென்று மன்னிப்பும் கேட்டுவிடுகிறாள். பின்னால் ஒரு காட்சியில், இந்தப் பெண் உன்னைப் பாடம் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று மார்கோவிடம் சொல்பவளும் அவளே. படத்தில் முதலில் விழித்துக்கொள்கிற ஆள் அவள்தான். பாதிப் படத்துக்கு மேல் அவளைக் காணோம். திரைக்கதையின் பெரிய ஓட்டை அதுதான் என்பேன். பேர்டி கூடவே இருந்திருந்தால் ஈவின் பாச்சா பலித்திருக்காது, ஒருவேளை அதனால்தான் அனுப்பிவிட்டார்களோ என்னவோ.

அந்த ஆண்டு அதே படத்திலிருந்து செலஸ்ட் ஹோமும் துணை நடிகைப் பிரிவில் நின்றார். நடிப்பு விருதுகளின் இறுதிச் சுற்றில் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்குப் பரிசு. ஒரே படத்தின் இரண்டு பேர் நின்றால் ஓட்டு பிரியத்தானே செய்யும்? அதுதான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். பரிசு 'ஹார்வி' படத்துக்காக ஜோசஃபைன் ஹல்லுக்குப் போனது. கண்ணுக்குத் தெரியாத முயலோடு வாழும் தம்பியை வைத்துக்கொண்டு அல்லாடும் அக்கா வேடம். அந்தம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை.

உண்மையைச் சொன்னால் ஆறு முறையும் அநியாயம் நடந்தது என்பது என் வாதம் இல்லை. 1952-ல் 'வித் எ சாங் இன் மை ஹார்ட்' படத்தில் அவருக்குக் கிடைத்தது விமான விபத்தில் அடிபட்ட பாடகிக்கு நர்ஸ் வேடம். ரிட்டர் அதைத் தூக்கத்தில்கூடச் செய்வார். அதற்கு ஆஸ்கர் கேட்பது அதிகம். 1959-ல் 'பில்லோ டாக்'. தினமும் காலையில் முந்தைய நாள் போதை தெளியாமல் வேலைக்கு வரும் வீட்டு வேலைக்காரி. அவரைக் குடிக்கவைத்து விஷயம் கறக்கலாம் என்று வரும் ராக் ஹட்சனைக் குடித்தே சாய்த்துவிடுவார். ரசித்துப் பார்க்கலாம், அதோடு சரி. 1951-ல் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' கிம் ஹண்டரிடம் தோற்றதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்த 1951 படம் வேறொரு விதத்தில் முக்கியம். 'தி மேட்டிங் சீசன்'. மகனுக்குப் பெரிய இடத்துப் பெண்ணோடு கல்யாணம். ஹாம்பர்கர் கடை வைத்துப் பிழைத்த தாய் அவர்கள் வீட்டுக்கு வர, மருமகள் அவரைச் சமையல்காரி என்று நினைத்துவிடுகிறாள். மாமியாரும் சரி என்று அடுப்படிக்குள் போய்விடுகிறார். மாமியார் மருமகள் கதையில் இப்படியொரு திருப்பத்தை நம் ஆட்கள் விட்டுவைத்ததுகூட ஆச்சரியம்தான். விளம்பரத்தில் ஜீன் டியர்னி முதலில். ஆனால் படத்தைத் தோளில் சுமப்பவர் ரிட்டர். ஜார்ஜ் கூக்கரின் 'தி மாடல் அண்ட் தி மேரேஜ் புரோக்கர்' படத்திலும் இதே கதை. ஊரெல்லாம் ஜோடி சேர்த்துவைக்கும் கல்யாணத் தரகராக அவர்தான் படம் முழுக்க. போஸ்டரில் முதல் பெயர் ஜீன் கிரெய்னுடையது. கதாநாயகி வேலை, துணை நடிகை சம்பளம் என்பார்களே, அது.

உங்கள் துணை நடிகர் பிரிவு எப்போதுமே கொஞ்சம் குழப்பமான திண்ணைதான். 1936 படங்களுக்கு அதைத் தொடங்கியபோது ஜெயித்தவர்களுக்கு முழுச் சிலைகூட இல்லை, ஒரு பட்டயம்தான். முழுச் சிலை வர 1944 விழா வரை ஆயிற்று. 1944-ல் வெளிவந்த 'கோயிங் மை வே' படத்தின் ஒரே வேடத்துக்கு பாரி ஃபிட்ஸ்ஜெரால்டை நாயகனாகவும் துணை நடிகராகவும் இரண்டு பிரிவிலும் நிறுத்தி, அப்புறம் விதியை மாற்றினீர்கள். 'ரியர் விண்டோ' வந்த ஆண்டு துணை நடிகை விருது 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' படத்தின் கதாநாயகி ஈவா மேரி செயிண்டுக்கு. 2021 விழாவில் ஒரே படத்தின் இரண்டு நாயகர்களும் துணை நடிகர்களாக நின்றார்கள்; அந்தப் படத்துக்கு நாயகன் யார் என்பது இன்றும் விளங்கவில்லை. நாயகர்கள் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டால், அந்தத் திண்ணையிலேயே காலம் தள்ளியவர்களுக்கு இடம் குறையும். ரிட்டர் அப்படிக் காலம் தள்ளியவர்.

இனி 1953. என் வழக்கின் நடு விஷயம் இதுதான்.

'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்', சாமுவேல் ஃபுல்லர் படம். ரிட்டர் நடித்தது மோ என்ற கிழவி. வெளியில் கழுத்து டை விற்பவள். உள்ளே போலீசுக்குத் தகவல் விற்பவள். காவல் நிலையத்தில் உட்கார்ந்து, விலைவாசி ஏறிவிட்டது, தகவலுக்கும் விலை ஏற்ற வேண்டும் என்று அதிகாரியிடம் பேரம் பேசுவாள். பிக்பாக்கெட்காரன் ஸ்கிப்பைக் காட்டிக்கொடுப்பவளும் அவளே. அவன் கோபித்துக்கொள்வதில்லை, மோவுக்கும் வயிறு இருக்கிறதே என்பான். காசு சேர்ப்பது எதற்கு? அநாதைப் பிணங்களைப் புதைக்கும் பொது இடுகாட்டில் தன்னைப் போட்டுவிடக் கூடாது. சொந்தமாக ஒரு குழி, மேலே பெயர் வெட்டிய கல். அதற்குத்தான் சேர்க்கிறாள். சாவதற்காகச் சம்பாதிக்கிறேன் என்று அவள் சொல்லும்போது நமக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

யாரிடமும் எதையும் விற்கும் அவள் ஒரே ஒருவனிடம் விற்க மறுக்கிறாள். ஸ்கிப்பைக் கொல்லத் தேடிவரும் ஜோயி. நாளெல்லாம் டை விற்று ஓய்ந்து ராத்திரி அறைக்குத் திரும்புகிறாள். இசைத்தட்டைப் போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்கிறாள். அவன் உள்ளே இருக்கிறான். துப்பாக்கியைப் பார்த்துவிட்டாள். ரிட்டர் அலறவில்லை, கண்ணீர் விடவில்லை, கெஞ்சவில்லை. ரொம்ப அசதியாக இருக்கிறது என்கிறார். கால் வலி, முதுகு வலி, இனி ஓட முடியாது, நீ சுட்டால் எனக்கு உபகாரம். குரல் ஏறுவதே இல்லை. அவர் உடம்பைப் பாருங்கள்: தோள் இரண்டும் ஏற்கெனவே உறங்கிவிட்டதுபோலத் தொங்கும், கண் மட்டும் அவனை அளந்துகொண்டிருக்கும். ஃபுல்லரின் கேமரா மெல்ல நகர்ந்து இசைத்தட்டுக்குப் போகிறது. வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. பின்னால் பொது இடுகாட்டுக்குப் போகும் படகிலிருந்து அவள் பெட்டியை ஸ்கிப் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான், தான் காட்டிக்கொடுக்கப்பட்டதை மறந்து.

நடிப்புப் பள்ளிகளில் பாடமாக வைக்க வேண்டிய காட்சி என்று சொல்வதுகூட அதற்குக் குறைச்சல்தான். அந்தப் படத்துக்கு மொத்தம் ஒரே ஒரு பரிந்துரை; அது ரிட்டருக்கு வந்தது. எதிரே 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி'. அந்த அலை எட்டு ஆஸ்கரை அள்ளிக்கொண்டு போனது, துணை நடிகைக்கான டோனா ரீடின் சிலையும் அந்த எட்டில் ஒன்று. அலை அடிக்கிற வருஷத்தில் தனி மரம் என்ன செய்யும்? அதற்கு மேல் ஃபுல்லரின் படம் போலீஸ், கம்யூனிஸ்ட் உளவு, தேசபக்தியைக் கிண்டலடிக்கும் பிக்பாக்கெட் நாயகன் என்று எல்லோரையும் சீண்டிய படம். எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்கே அது பிடிக்கவில்லை.

கடைசியாக 1962. 'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்'. இதில் நகைச்சுவையே கிடையாது. மகனைத் தூக்கிலிருந்து காப்பாற்ற வாஷிங்டன் வரை போகும் தாய். பின்னால் அந்த மகன் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதும் அவனுக்கு எதிராகவே திரும்பிவிடுகிறாள். அதுவரை எல்லோரும் சிரித்துப் பார்த்த முகத்தில் அப்படியொரு உடைமைவெறி. பரிசு 'தி மிராக்கிள் வொர்க்கர்' படத்துக்காகப் பதினாறு வயதுச் சிறுமி பேட்டி டியூக்குக்கு. அபாரமான நடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதைத் துணை வேடம் என்று யாரும் சொல்ல முடியாது.

மற்றவர்கள் அவரை எப்படி நடத்தினார்கள் என்றும் பாருங்கள். பிராட்வேயில் 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்துக்கு 1958-ல் டோனி விருது, உடன் நடித்த க்வென் வெர்டனோடு பங்குபோட்டு. ஒரே நாடகத்தின் இரண்டு பேருக்கும் கொடுக்க அவர்களுக்கு மனம் இருந்தது. ஹாலிவுட்டில் என்றால் இப்படி: 'தி கேட்டர்டு அஃபேர்' என்ற தொலைக்காட்சி நாடகத்தில் தாய் வேடத்தை 1955-ல் ரிட்டர் செய்தார், மறு ஆண்டு அது சினிமாவானபோது வேடம் பெட்டி டேவிஸுக்குப் போய்விட்டது. பேர்டி உடை மாற்றிவிட்ட அதே மார்கோவுக்கு!

சரி, இறந்தவருக்கு எப்படிக் கொடுப்பது என்பீர்கள். நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் 1939 டிசம்பரில் இறந்தார். அடுத்த விழாவில் அவர் நினைவாக விருது. எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கு 1973-ல், முடிவெடுத்தபோது உயிரோடு இருந்தார், விழாவுக்கு முன் போய்விட்டார். கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்த கறுப்புப் பட்டியலில் இருந்ததால் வேறொருவர் பெயரில் எழுதிய டால்டன் டிரம்போவுக்கு, 'ரோமன் ஹாலிடே' கதைக்கான ஆஸ்கரை அவர் இறந்து பதினாறு பதினேழு ஆண்டு கழித்து 1993-ல் கொடுத்தீர்கள். துணை நடிகை விருது வாங்கிய ஹாட்டி மெக்டேனியலின் பட்டயம் தொலைந்துபோனது. 2023-ல் புதிதாக ஒன்று செய்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தீர்கள். மனமிருந்தால் வழி உங்களுக்குத் தெரிகிறது.

ஒருவருக்குக் கொடுத்தால் கல்லறையெல்லாம் எழுந்து வரிசையில் நிற்கும் என்று பயப்படவும் வேண்டாம். நடிப்புக்கு ஆறு பரிந்துரை, ஒன்றில்கூட வெற்றி இல்லை என்ற ஒரே கோட்டைக் கிழித்துப் பாருங்கள், அதைத் தொடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருப்பார்கள். அவர்களில் டெபோரா கெர் ஆறு முறை தோற்றார், 1994-ல் கௌரவ விருது கொடுத்துக் கணக்கை முடித்தீர்கள். பீட்டர் ஓ'டூலுக்கு 2003-ல். அவர் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று உங்களுக்கே எழுதினார். அவர்கள் இருவரும் நாயகி, நாயகன் வரிசை, நீண்ட ஆயுளும் இருந்தது. ரிட்டருக்கு அறுபத்தாறு வயதுதான் கிடைத்தது. நடிகர் தேர்வுக்கு இப்போது தனி விருது கொண்டுவந்திருக்கிறீர்கள், சண்டைக்காட்சி அமைப்புக்கும் நூறாவது விழாவிலிருந்து தரப்போகிறீர்கள். புதிய விருதுகளுக்கு இடம் இருக்கும்போது பழைய பாக்கிக்கும் இருக்கும்.

கௌரவ ஆஸ்கர்களைத் தருவதற்காக ஆண்டு இறுதியில் நடக்கும் ஆளுநர் விருது விழாவிலேயே போதும், தொலைக்காட்சி நேரலை வேண்டாம். நடிப்புத் துணுக்கு போடும்போது மட்டும் ஒரு வேண்டுகோள்: ஆறு படத்திலிருந்தும் தலா மூன்று நொடி வெட்டி இசையோடு ஓட்டாதீர்கள். மோ இறக்கும் காட்சியை அவள் அறைக் கதவைத் திறப்பதிலிருந்து இசைத்தட்டு வரை வெட்டாமல் போடுங்கள். அப்புறம் சிலையை யார் கையில் கொடுப்பது என்று யோசிக்க வேண்டாம். மெக்டேனியலுக்குச் செய்ததுபோலவே அவர் நடிப்புப் படித்த நியூயார்க் பள்ளியில் ஒப்படையுங்கள். அமெரிக்க நாடகக் கலை அகாடமி இன்னும் நடக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். வைக்க இடம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
பழைய படங்களை விடாமல் பார்க்கும் ஒரு தமிழ் ரசிகன்